கடலில் மறுபடி ஞானஸ்நானம் எடுக்கணுமா? அம்மா அழுகிறார், வழி சொல்லுங்கள்

தென்கடல்_தம்பி · ஜூலை 6, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பாம்பன் பக்கம் ஒரு கடற்கரை ஊர். கத்தோலிக்கக் குடும்பம். கைக்குழந்தையாக இருந்தபோதே கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்கு ஆகிவிட்டது. புதுநன்மை, உறுதிபூசுதல் எல்லாம் முறைப்படி நடந்தது. இப்போது வயது 26. ஒரு வருஷமாக நண்பன் கூட்டிப்போக, ஒரு ஜெபவீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வேதத்தை நானே திறந்து வாசிக்க ஆரம்பித்தது அங்கேதான். அதை மறைக்க மாட்டேன்.

பாஸ்டர் சொல்வது இது: குழந்தையில் ஊற்றியது ஞானஸ்நானமே இல்லை, விசுவாசித்தவன்தான் மூழ்கி எடுக்க வேண்டும், சத்தியம் தெரிந்தபிறகும் தள்ளிப்போட்டால் அது கீழ்ப்படியாமை. கச்சான் காற்று அடிக்கிற மாதம், தென்கடல் கலங்கிக் கிடக்கிறது. அதனால் ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு வடகடலில் வைத்திருக்கிறார்கள். பெயர் கொடு என்கிறார்.

வீட்டில் சொன்னேன். அம்மா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. "நீ அங்க போய் முங்கிட்டா, நான் செத்தா என் பெட்டிய யாருடா கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவா? நவம்பர் ரெண்டாந்தேதி அப்பா கல்லறைக்கு மெழுகுவத்தி கொளுத்தவும் வரமாட்டியா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

சத்தியம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தால் அம்மாவை மீறித்தான் செய்ய வேண்டுமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

---

பெரோயா_பிரதர் · ஜூலை 6, இரவு 11.15

ஸ்தோத்திரம் பிரதர். இதில் குழப்பமே வேண்டாம். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி கேட்டது ஒரே கேள்வி: "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள் என்று எழுதியிருக்கிறது. கைக்குழந்தை விசுவாசிக்குமா? உங்களுக்கு ரெண்டு பக்கமும் கடல். தடை என்ன?

தாயையும் தகப்பனையும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்று மத்தேயு 10-இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அம்மா இன்றைக்கு அழுவார்கள், நாளைக்கு அவர்களும் வருவார்கள். நான் எடுத்தபோது என் வீட்டிலும் இதே கூத்துதான்.

---

உபதேசியார்_மகன் · ஜூலை 7, காலை 6.20

பெரோயா என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அந்த ஊர்க்காரர்கள் பவுல் பேசியதையே அப்படியே விழுங்காமல், தினமும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தவர்கள். தம்பியிடம் மட்டும் பாஸ்டர் சொன்னதை ஒரே ராத்திரியில் ஒத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

தம்பி, மறுபக்கத்தையும் கேள். அப்போஸ்தலர் 16-இல் பிலிப்பி சிறைச்சாலைக்காரன் தன் வீட்டார் எல்லோரோடும் ஞானஸ்நானம் பெற்றான். அந்த வீட்டில் குழந்தை இருந்ததா இல்லையா என்று எழுதவில்லை. அதனால் இரண்டு கட்சியும் அதை வைத்து அடித்துக்கொள்ளலாம், நூற்றாண்டுகளாக அடித்துக்கொள்கிறார்கள். முழுக்கா ஊற்றலா என்பதற்கு, 'பன்னிரு அப்போஸ்தலர் போதனை' என்று மிகப் பழைய சிறு நூல் ஒன்று உண்டு. முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். ஓடுகிற தண்ணீர் உத்தமம், இல்லாவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்று அது சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலும் மூழ்குதல், ஊற்றுதல் இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் இரண்டாம் தடவை கிடையாது. ஞாயிறு பூசையில் "ஒரே திருமுழுக்கை" என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அது இதுதான்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். 25 வருஷம் கோயிலுக்கு வந்த பையனிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்து உட்கார்ந்து வாசி என்று யாரும் சொல்லவில்லை. என் அப்பா உபதேசியாராக இருந்தவர். அவரே என்னிடம் சொன்னதில்லை.

---

மண்டபம்_மீன் · ஜூலை 7, காலை 9.02

எழுத்துக்கு எழுத்து கீழ்ப்படிகிறவர்களிடம் ஒரு கேள்வி. லேவியராகமம் 11-இல் சிறகும் செதிளும் இல்லாதது அருவருப்பு என்று இருக்கிறது. அப்படியானால் நண்டு, இறால், கணவாய் மூன்றும் அவுட். எங்கள் ஊரில் அதை விட்டால் வருமானத்தில் பாதி காலி 😀

---

பெரோயா_பிரதர் · ஜூலை 7, காலை 9.30

அப்போஸ்தலர் 10 வாசியுங்கள். பேதுருவுக்கு வானத்திலிருந்து எல்லா மிருகங்களோடும் துப்பட்டி இறங்கி, அடித்துப் புசி என்று சத்தம் வந்தது. விளையாட்டுக்கு இது இடமில்லை.

---

மண்டபம்_மீன் · ஜூலை 7, காலை 9.34

விளையாட்டு இல்லை அண்ணே. என் சித்தப்பா ஓய்வுநாள் சபைக்குப் போனபிறகு நண்டு தொடுவதில்லை. ஆனால் நண்டு வலைதான் விடுகிறார். விற்கலாம், தின்னக்கூடாது என்கிறார். அவரிடம் கேட்டால் அது தனிக் கதை.

---

ஓரியூர்_சாலை · ஜூலை 7, மாலை 5.48

கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசிக்கொண்டு நம் மாவட்டத்துக் கதையை யாரும் எடுக்கவில்லையே.

அருளானந்தர், அதாவது லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, காவி கட்டிக்கொண்டு மறவர் நாட்டில் திரிந்தவர். 1686-இல் பிடித்து அடித்து, இனி இங்கே போதிக்காதே என்று சொல்லித் துரத்தினார்கள். ஐரோப்பா போய்விட்டுத் திரும்பி இங்கேயே வந்தார். தடியத்தேவன் என்ற பெரிய மனிதர், சேதுபதி வம்சத்துக்காரர், நோய் தீர்ந்து ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவிகள். ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினால்தான் தர முடியும் என்றார் அருளானந்தர். தேவரும் அப்படியே செய்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மறவர் நாட்டு ராஜா கிழவன் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். அவள் போய் அழுதாள். 1693 பிப்ரவரி 4, பாம்பாற்றங்கரையில் ஓரியூரில் அருளானந்தர் தலை போனது. 1947-இல் புனிதர் பட்டம். அந்த மண் சிவப்பாக இருப்பதைப் பார்க்க இன்றைக்கும் கூட்டம் வருகிறது, வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள்.

ராஜாவின் கோபம் வரும் என்று தெரிந்தே ஒரு பெரிய இடத்து மனிதர் கீழ்ப்படிந்தார். தம்பிக்கு அம்மாவின் கண்ணீர்தான் தடை.

---

தொண்டி_டீச்சர் · ஜூலை 7, இரவு 9.10

ஓரியூர்க்காரரே, இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு தடவைகூட யாரும் அந்தப் பெண்கள் அப்புறம் எங்கே போனார்கள் என்று சொன்னதில்லை. சத்தியம் தெரிந்தது தேவருக்கு. கீழ்ப்படிந்தது தேவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு நடந்தது அவர்கள். அழுதவளைப் பொல்லாதவள் என்று ஆக்கித்தான் கதையே ஓடுகிறது.

அருளானந்தர் தன் கழுத்தைக் கொடுத்தார், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. தேவர் கொடுத்தது யாருடையதை?

தம்பி, எனக்கு இறையியல் தெரியாது. கீழ்ப்படிவதற்கு முன்னால் யார் கணக்கில் செலவு எழுதுகிறோம் என்று மட்டும் பார்த்துக்கொள். அம்மா கேட்டது ஞானஸ்நானத்தைப் பற்றியே இல்லை. பெட்டியை யார் தூக்குவது என்று கேட்டார். அதற்கு நீ பதில் சொன்னாயா? முங்கினாலும் முங்காவிட்டாலும் உன் பெட்டியை நான்தான் தூக்குவேன் என்று சொல்ல எந்தப் பாஸ்டரிடம் உத்தரவு வாங்க வேண்டும்?

---

ஓரியூர்_சாலை · ஜூலை 7, இரவு 9.55

டீச்சர், 300 வருஷத்துக்கு முந்தைய காலத்தை இன்றைக்கு உள்ள அளவுகோலால் அளக்கக்கூடாது.

---

தொண்டி_டீச்சர் · ஜூலை 7, இரவு 10.01

நீங்கள்தானே 300 வருஷத்துக்கு முந்தைய ஆளை இன்றைக்கு உள்ள பையனுக்கு முன்மாதிரியாகக் காட்டினீர்கள்.

---

பழைய_சம்மாட்டி · ஜூலை 8, காலை 4.50

இரண்டு நாளாக வாசிக்கிறேன். எனக்கு வயது எழுபதுக்குப் பக்கம். ஒருகாலத்தில் மூன்று வள்ளம் வைத்திருந்தேன், இப்போது பேரன் போனில் எழுத்துப் பழகுகிறேன். நான் எந்தச் சபை என்று கேட்க வேண்டாம்.

சத்தியம் தேடிப்போன கதையை எல்லோரும் பெரிதாகப் பேசுகிறோம். இந்தக் கடற்கரையில் முதலில் முங்கியவர்கள் சத்தியம் தேடியா முங்கினார்கள்? 1530-களில் முத்துக்குளித்துறையில் சண்டை, உயிருக்குப் பயம். போர்த்துக்கீசியன் பாதுகாப்புத் தருவான் என்று ஊர் ஊராக ஞானஸ்நானம் எடுத்தார்கள். 1542-இல் சவேரியார் வந்து பார்த்தால் யாருக்கும் ஒரு செபம் தெரியாது. தமிழ் தெரிந்தவர்களை உட்கார வைத்துச் செபங்களை மொழிபெயர்க்கச் சொல்லி, கையில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஆக நமக்குத் தண்ணீர் முதலில் வந்தது, விளக்கம் அப்புறம் வந்தது. அதனால் எது முதலில் என்று நான் சண்டை போட மாட்டேன்.

ஆனால் ஒன்று. லூக்கா 3-ஐ எடுத்து வாசி தம்பி. யோவான் ஸ்நானகனிடம் வரி வாங்குகிற ஆயக்காரர்கள் ஞானஸ்நானம் எடுக்க வந்து, "போதகரே, நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கிறார்கள். அவன் முழுக்கா, ஊற்றலா, எந்தக் கரை என்று பேசவில்லை. விதித்ததற்கு மேலே வாங்காதே என்றான். அப்புறம் சிப்பாய்கள் வந்தார்கள். மிரட்டிப் பிடுங்காதே, சம்பளம் போதும் என்று இரு என்றான். ஆற்றங்கரையில் நின்றுகொண்டு அவனவன் தொழிலைத்தான் பேசினான்.

நீ என்ன தொழில் செய்கிறாய் என்று இந்த இழையில் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

---

தென்கடல்_தம்பி · ஜூலை 8, இரவு 11.30

ஐயா, காலையில் உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். நாள் முழுக்க ஒரு மாதிரி இருந்தது.

கடல்பாசி வாங்குகிற ஒருவரிடம் எடை போடுகிற வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றுகிற நாட்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் கடலில் இறங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்து பாசி பிய்ப்பார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி போட்டு, மூச்சை அடக்கி முங்குவார்கள். காயவைத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். நான் தராசில் வைப்பேன்.

30 கிலோ காட்டினால் நோட்டில் 27 என்று எழுத வேண்டும். மண், ஈரம், சாக்கு எல்லாம் சேர்த்துக் 'கழிவு' 3 கிலோ. முதலாளி வைத்த கணக்கு. சாக்கு அரைக் கிலோகூட இருக்காது. மண் எவ்வளவு என்று யாரும் பார்த்ததில்லை. மூன்று வருஷமாக எழுதுகிறேன். வருகிறவர்களில் என் சொந்தச் சித்தியும் ஒருத்தி. அவர் சாக்கைத் தூக்கி வைக்கும்போது விரலைப் பார்க்கக்கூடாது என்று தராசின் நம்பரையே பார்த்துக்கொண்டு இருப்பேன். இதை ஜெபவீட்டில் சாட்சி சொன்னபோதுகூடச் சொல்லவில்லை.

---

உபதேசியார்_மகன் · ஜூலை 9, காலை 6.05

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகள் 11-இல் முதல் வசனம். தராசுக்கு முத்திரை ஆய்வாளர் வந்து முத்திரை குத்திவிட்டுப் போகிறார். கழிவுக்கு யார் முத்திரை குத்துவது?

இன்னொன்று தோன்றுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் பிலாத்து "சத்தியமாவது என்ன" என்று கேட்கிறான். எங்கள் திருவிவிலியத்தில் "உண்மையா? அது என்ன?" என்று கேட்கிறான். நம் ஊரில் சத்தியம் என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டே. வலை காணாமல் போனால் கோயில் வாசலில் நின்று சத்தியம் பண்ணச் சொல்வார்கள். ஆண்டவர் சத்தியம் பண்ணாதே, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றார். 30 என்றால் 30 என்று எழுதுவது அந்தக் கணக்கில்தான் வருகிறது.

---

பெரோயா_பிரதர் · ஜூலை 9, காலை 8.40

பிரதர், நேற்று ராத்திரி உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஜெபம் பண்ணினேன். ஞானஸ்நானத்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை. ஆனால் எங்கள் சபையில் முழுக்குக்கு முன்னால் வகுப்பு எடுக்கிறோம். சிகரெட், சினிமா, நகை எல்லாம் கேட்கிறோம். தராசைக் கேட்டதில்லை. இதை ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆயக்காரன் சகேயு அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுத்தான். நீங்களும் கொடுக்க வேண்டிவரும்.

---

மண்டபம்_மீன் · ஜூலை 9, காலை 8.52

சகேயு பணக்காரன் அண்ணே. இவன் மாசச் சம்பளக்காரன். மூன்று வருஷத்துக் கழிவு முதலாளி பெட்டிக்குப் போயிருக்கிறது, இவன் எதிலிருந்து நாலு மடங்கு கொடுப்பான்? அதுவும் தவிர, தேசியப் பூங்கா என்று 1986-இல் அறிவித்த தீவுப் பக்கமெல்லாம் பாசி எடுக்கப் போகக்கூடாது. அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்று ரோமர் 13 இருக்கிறதே, அதை அந்தப் பெண்களிடம் போய்ச் சொல்வீர்களா?

---

தொண்டி_டீச்சர் · ஜூலை 9, காலை 10.15

அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் ரோந்துப் படகு இருக்கிறதே. முதலாளிக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

---

பழைய_சம்மாட்டி · ஜூலை 9, மாலை 6.30

தம்பி, யோவான் 7-இல் 17-ஆம் வசனம். அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் எவனோ, அவன்தான் இந்த உபதேசம் தேவனால் உண்டானதா என்று அறிந்துகொள்வான் என்கிறார். செய்ய மனசு முதலில், தெரிவது அப்புறம். நானும் இதைத் தலைகீழாக வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டினேன். என் வள்ளத்தில் பங்கு பிரித்தபோது டீசல் காசைக் கூட்டி எழுதுவேன். அப்போதுதான் ஜெபக்கூட்டத்தில் திரித்துவத்தைப் பற்றி விடிய விடியப் பேசுவேன். அது ஒரு நல்ல மறைப்பு.

ஞானஸ்நானத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. கழிவு நாளைக்கே வரும். உனக்குத் தெரியாத சத்தியத்தை நாங்கள் ஆறு பேர் சொல்லித்தர முயற்சி பண்ணுகிறோம். தெரிந்தது உன் நோட்டில் இருக்கிறது.

வேலையை உடனே விடாதே. முதலில் ஒரு சாக்கை முதலாளி கண்ணெதிரே உதறிப் பார்.

---

தென்கடல்_தம்பி · ஆகஸ்ட் 11, இரவு 10.05

ஒரு மாதமாக எழுதவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

சம்மாட்டி ஐயா சொன்னபடி ஒரு சாக்கைத் தார்ப்பாயில் கொட்டி உதறிச் சலித்தேன். மண், சங்குத் துண்டு, சாக்கு எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோ. முதலாளியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "ஒரு சாக்க வச்சு ஊரு கணக்கு போடுறியா?" என்றார். அப்புறம், "சரி, அடுத்த எடையில உன் இஷ்டத்துக்கு எழுது. கம்பெனியில நமக்குக் கழிக்கிறதுல நஷ்டம் வந்தா உன் சம்பளத்துல பிடிப்பேன்" என்றார். அவருக்கும் மேலே ஒருத்தர் கழிக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சித்தி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார், இல்லை திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "போடா, அந்த மூணு கிலோ எங்களுக்குத் தெரியாதாக்கும்? அதுக்குத்தான பாசிய அரைகுறையா காயவச்சு ஈரத்தோட கட்டிக் கொண்டாறோம்." எனக்குத் தலை சுற்றிவிட்டது. நான் திருடன் என்று சொல்லப்போன இடத்தில் எல்லோரும் அவரவர் பங்குக்குச் சரிசெய்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

அம்மாவிடம், பெட்டியை நான்தான் தூக்குவேன், நவம்பரில் கல்லறைக்கு வருவேன் என்று சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ராத்திரி ஊளிமீன் குழம்பு வைத்தார்.

நேற்று முன்தினம் இரண்டாம் ஞாயிறு. நான் பெயர் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று முடிவு பண்ணவும் இல்லை. கரையில் நின்று பார்த்தேன். ஏழு பேர் எடுத்தார்கள். தண்ணீரிலிருந்து எழுந்த என் நண்பனின் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பாஸ்டரிடம் தராசைப் பற்றிச் சொல்லி, கொஞ்சம் டைம் வேண்டும் என்றேன். சாத்தான் தாமதப்படுத்துகிறான் என்றார். சாயங்காலம் அவரே போன் பண்ணி, கழிவு எத்தனை கிலோ என்று கேட்டார்.

---

பழைய_சம்மாட்டி · ஆகஸ்ட் 12, காலை 4.40

நன்றாகக் காயவைத்துக் கொண்டுவந்தால் கழிக்க மாட்டேன் என்று சித்தியிடம் சொன்னாயா?

---

தென்கடல்_தம்பி · ஆகஸ்ட் 12, இரவு 9.20

சொன்னேன் ஐயா. "நீ மொதல்ல கழிவ நிறுத்து, அப்புறம் நான் காயவைக்கிறேன்" என்றார்.

அடுத்த வற்றம் வருகிறது. விடிந்ததும் இறங்கிவிடுவார்கள். காய்ந்து தராசுக்கு வர நாலு நாளாவது ஆகும். புது நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.